அரைக்கால் மைல் என்றால் எவ்வளவு தூரம்? மைல் பின்னங்களுக்கும் தூர அலகு மாற்றத்துக்கும் முழுமையான வழிகாட்டி

நியூ ஜெர்சிக்கு வந்த புதிது. கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், போனில் இருந்த வழிகாட்டி "கால் மைலில் வெளியேறவும்" என்கிறது. கால் மைல் என்ற சொல் புரிந்தது, ஆனால் அது எத்தனை நொடியில் வந்து நிற்கும் என்று தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்து, லேன் மாறலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் எக்ஸிட் பின்னால் போய்விட்டது. கிலோமீட்டரில் வளர்ந்தவர்களுக்கு இது சகஜம். மைலை 1.6-ஆல் பெருக்கத் தெரிந்திருந்தும், சாலையில் எழுதி வைத்திருக்கும் 1/4, 3/4, 1 1/2 எல்லாம் மனதில் தூரமாக விழுவதில்லை.

அந்த வருடக் கோடையில் அப்பா வந்தார். நில அளவையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "இதுல என்னம்மா குழப்பம்? அரைக்கால் மைல்னா ஒரு பர்லாங்கு. ஒரு பர்லாங்குக்குப் பத்து செயின். அவ்வளவுதான்" என்றார். அன்று சாப்பாட்டு மேசையில் ஒரு தாளில் அவர் போட்டுக் காட்டிய கணக்குதான் இந்த வழிகாட்டிக்கு அடிப்படை. மைல் பின்னங்களைப் புரிந்துகொள்ள நம் பழைய தமிழ்ப் பின்னங்களைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதல் படி: 5280 எங்கிருந்து வந்தது

ஒரு மைல் 5280 அடி. இந்த எண்ணைச் சும்மா மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும், அதனால் அது வந்த கதையோடு பிடித்துக்கொள்ளுங்கள். ரோமானியர்களின் மைல் 5000 அடி, அதாவது ஆயிரம் இரட்டைக் காலடி (இடமும் வலமும் சேர்ந்து ஒன்று). இங்கிலாந்தில் நிலத்தைப் பர்லாங்கில்தான் அளந்தார்கள். பர்லாங் என்ற சொல்லுக்கே உழவுச் சாலின் நீளம் என்றுதான் பொருள், அது 660 அடி. நிலப் பத்திரங்களெல்லாம் அந்த அளவில் இருந்ததால் பர்லாங்கில் கை வைக்க முடியாது. ஆகவே 1593-இல் முதலாம் எலிசபெத் காலத்துச் சட்டம் ஒன்று, மைல் என்றால் எட்டு பர்லாங் என்று எழுதிவிட்டது. எட்டு அறுநூற்று அறுபது, 5280. உழவனின் சாலுக்காக மைல்தான் நீண்டு கொடுத்தது.

1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற கணித அறிஞர் நிலம் அளக்க ஒரு சங்கிலியை அமைத்தார். நீளம் 66 அடி, நூறு கண்ணிகள். அப்பா 'செயின்' என்று சொன்னது அதைத்தான், ஒரு கண்ணியை 'லிங்க்' என்பார். பத்து செயின் ஒரு பர்லாங், எண்பது செயின் ஒரு மைல். அந்த 66 அடி உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்தான்: 66 அடி என்றால் 22 கஜம், கிரிக்கெட் பிட்ச்சின் நீளம். எண்பது பிட்ச்சை வரிசையாகப் போட்டால் ஒரு மைல்.

இரண்டாம் படி: பின்னங்களைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்

நம் பழைய பின்ன வாய்பாட்டில் அரைக்கால் என்றால் 1/8, மாகாணி அல்லது வீசம் 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இப்போது இவற்றை மைலோடு சேர்த்துப் பாருங்கள்.

அரை மைல் 2640 அடி, சுமார் 805 மீட்டர்.
கால் மைல் 1320 அடி, சுமார் 402 மீட்டர்.
அரைக்கால் மைல் 660 அடி, சுமார் 201 மீட்டர். ஒரு பர்லாங்.
மாகாணி மைல் 330 அடி, சுமார் 100 மீட்டர். அரை பர்லாங்.
காணி மைல் 66 அடி, சுமார் 20 மீட்டர். ஒரு செயின்.
முந்திரி மைல் பதினாறரை அடி, சுமார் 5 மீட்டர். ஆங்கில அளவையில் ஒரு ராட்.

கடைசி இரண்டைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. மைலில் எண்பதில் ஒன்றுக்கும் முந்நூற்றிருபதில் ஒன்றுக்கும் அவர்களும் பெயர் வைத்திருக்கிறார்கள், அதே இரண்டு பங்குக்கு நம்மிடமும் பெயர் இருக்கிறது. இரண்டு முறைக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல வரவில்லை. பாதி, பாதியில் பாதி என்று பிளந்துகொண்டே போய், இடையில் ஓர் ஐந்தையும் சேர்த்துக்கொண்ட இரண்டு அளவை முறைகள் ஒரே படிகளில் வந்து நிற்கின்றன. மாகாணி என்ற சொல்லே மாவும் காணியும் சேர்ந்ததுதான். மைலில் போட்டுப் பார்த்தால், ஒரு மா மைல் 264 அடி, அதோடு காணி 66 அடி, கூட்டினால் 330 அடி. சரியாக வருகிறது. (இங்கே காணி என்பது பின்னம். நில அளவில் சொல்லும் காணி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மீட்டர் கணக்கையும் கவனியுங்கள். கால் மைல் 400, அரைக்கால் 200, மாகாணி 100, காணி 20, முந்திரி 5. கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் சாலையில் இது போதும். கால் மைல் என்றதும் பள்ளி ஓடுதளத்தில் ஒரு முழுச் சுற்று கண்ணில் வரட்டும், முந்திரி மைல் என்றதும் ஒரு பெரிய கார் நிற்கிற நீளம் வரட்டும்.

சாலையை விட்டுக் கொஞ்சம் விலகி ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்பா இதைச் சொல்லாமல் விடவே மாட்டார். ஊரில் மனை வாங்கும்போது ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்கிறோமே, அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது? 66 அடிக்கு 66 அடி சதுரம் போட்டால் 4356 சதுர அடி. ஒரு செயின் சதுரம் அது, ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது பத்து சென்ட். அதையே பத்தாகப் பிரித்தால் 435.6. ஆக நம் சென்ட் என்பது காணி மைல் சதுரத்தில் பத்தில் ஒன்று. இலங்கையில் நிலத்தைப் பேர்ச் கணக்கில் விற்கிறார்கள், அது 272.25 சதுர அடி. பதினாறரை அடிக்குப் பதினாறரை அடி, ஒரு முந்திரி மைல் சதுரம். இரண்டு நாட்டுப் பத்திரங்களிலும் மைல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

மூன்றாம் படி: மூன்றில் ஒன்றும் புள்ளிக் கணக்கும்

பாதி பாதியாகப் பிளப்பதில் அடங்காத பின்னம் 1/3. பிரிட்டன் சாலைகளில் 1/3, 2/3 என்று எழுதிய பலகைகள் உண்டு. இதற்கு ஒரு சுலபமான பிடி: ஒரு மைல் 1760 கஜம், ஒரு கஜம் மூன்று அடி, அதனால் மூன்றில் ஒரு மைல் என்பது 1760 அடி. மூன்றில் இரண்டு 3520 அடி. மீட்டரில் 536, 1073.

பிரிட்டனில் ஓட்டப் போகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அங்கே சாலைப் பலகையில் தூரத்துக்குப் பக்கத்தில் 'எம்' என்ற எழுத்து இருந்தால் அது மைல், மீட்டர் அல்ல. மோட்டார்வேயில் எக்ஸிட் நெருங்கும்போது மூன்று கோடு, இரண்டு கோடு, ஒரு கோடு போட்ட சிறு பலகைகள் வரும். அவை 300, 200, 100 கஜம். ஒரு கஜம் 0.9144 மீட்டர் என்பதால் இவற்றை மீட்டராகவே எடுத்துக்கொண்டாலும் பெரிய தவறு இல்லை.

அமெரிக்காவில் சிக்கல் வேறு. பலகையில் பின்னம், போனில் புள்ளிக் கணக்கு, கிட்டே வந்ததும் அடிக் கணக்கு. புதிதாக வந்தவர்கள் அதிகம் தடுமாறுவது 0.3 மைல் மாதிரியான எண்ணில். 0.3 என்று பார்த்ததும் மனம் தானாக 300 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் கிலோமீட்டரில் அது அப்படித்தான். ஆனால் மைலில் 0.1 என்பது 528 அடி, சுமார் 160 மீட்டர். அப்படியானால் 0.3 மைல் 480 மீட்டர், கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணை 160-ஆல் பெருக்குங்கள், மீட்டர் வந்துவிடும். 0.7 மைல் என்றால் ஏழு பதினாறு நூற்றுப் பன்னிரண்டு, 1120 மீட்டர்.

பின்னத்திலிருந்து புள்ளிக்குப் போக மேல் எண்ணைக் கீழ் எண்ணால் வகுத்தால் போதும்: 3/8 என்றால் 0.375. அரைக்கால் 0.125 என்பதை மட்டும் நினைவில் வைத்து அதையே அடுக்கிக்கொண்டும் போகலாம், 0.125, 0.25, 0.375, 0.5 என்று. போனில் 500 அடி என்று வந்தால் அது ஏறக்குறைய 0.1 மைல், 1000 அடி என்று வந்தால் மைலில் ஐந்தில் ஒரு பங்குக்கு (நாலுமா, 1056 அடி) கொஞ்சம் குறைவு.

நான்காம் படி: தூரத்தை நொடியாக மாற்றுங்கள்

நான் எக்ஸிட்டைத் தவறவிட்டதற்குக் காரணம் இந்தப் படி தெரியாததுதான், அதனால் இதை மிக முக்கியமாக நினைக்கிறேன். மணிக்கு 60 மைல் வேகத்தில் போனால் ஒரு மைலுக்கு ஒரு நிமிடம். அப்படியானால் அரை மைலுக்கு 30 வினாடி, கால் மைலுக்கு 15 வினாடி, அரைக்கால் மைலுக்கு ஏழரை வினாடி. வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள். 'அரை மைல்' என்று பலகை சொன்ன உடனேயே வலப்பக்க லேனுக்குப் போய்விட வேண்டும், கால் மைல் என்று கேட்டபிறகு மாறுவதற்கு நேரம் மிகக் குறைவு. 70 மைல் வேகத்தில் அந்தக் கால் மைலுக்குக் கிடைப்பது 13 வினாடிக்கும் குறைவு.

நகருக்குள் 30 மைல் வேகம் என்றால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள், கால் மைலுக்கு 30 வினாடி.

நொடிக்கு எத்தனை அடி என்று தெரிந்துகொள்வதும் நல்லது. 60 மைல் வேகம் நொடிக்கு 88 அடி. 45 மைல் வேகம் சரியாக 66 அடி, அதாவது ஒவ்வொரு நொடியும் ஒரு கிரிக்கெட் பிட்ச் நீளம் கடந்துபோகிறீர்கள். போனை ஒரு பார்வை பார்த்து நிமிரும் இரண்டு நொடியில் இரண்டு பிட்ச். பிள்ளைகள் நடமாடும் தெருக்களில் இந்தக் கணக்கு எப்போதும் என் தலையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஐந்தாம் படி: மைலும் கிலோமீட்டரும்

1959-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் ஒரு கஜம் 0.9144 மீட்டர் என்று ஒப்புக்கொண்டன. அதை 1760-ஆல் பெருக்கினால் ஒரு மைல் சரியாக 1609.344 மீட்டர். இதில் தோராயம் எதுவும் இல்லை, துல்லியமான எண் இது. தாளில் கணக்குப் போடும்போது இதைப் பயன்படுத்துங்கள்.

மனக்கணக்குக்கு வேறு வழி. மைலைக் கிலோமீட்டராக்க: எண், அதில் பாதி, அதில் பத்தில் ஒன்று, மூன்றையும் கூட்டுங்கள். 40 மைல் என்றால் 40, 20, 4, ஆக 64 கி.மீ. (சரியான விடை 64.4). வேக வரம்பு 65 மைல் என்றால் 65, 32.5, 6.5, ஆக 104 கி.மீ. பார்க்வேயின் முழு நீளம் சுமார் 172 மைல், கூட்டிப் பாருங்கள், 275 வரும், சரியான விடை 277-ஐ ஒட்டி இருக்கும். நூறு மைலுக்கு ஒரு கிலோமீட்டர் குறைவாகக் காட்டும், அவ்வளவுதான் பிழை.

கிலோமீட்டரை மைலாக்க ஐந்தெட்டால், அதாவது 5/8-ஆல், பெருக்க வேண்டும். ஐந்தெட்டு என்பது அரையே அரைக்கால். எண்ணில் பாதி, எட்டில் ஒன்று, இரண்டையும் கூட்டினால் முடிந்தது. 80 கி.மீ. என்றால் 40, 10, ஆக 50 மைல் (சரியாக 49.7). ஒரு கிலோமீட்டர் என்பதே அரையே அரைக்கால் மைல், இல்லாவிட்டால் ஐந்து பர்லாங். இந்தியாவில் 1956-இல் மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்த பிறகும் ஊர்ப் பெரியவர்கள் "ரெண்டு பர்லாங்குதான், நடந்துடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னது 400 மீட்டர்.

1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89 என்று முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததை எழுதும் வரிசையும் உதவும். 5 மைல் என்றால் அடுத்த எண்ணான 8 கி.மீ., 13 மைல் என்றால் 21, 55 மைல் என்றால் 89. அடுத்தடுத்த எண்களின் விகிதம் 1.618-ஐ நெருங்குவதும், மைலுக்கான 1.609 அதன் பக்கத்திலேயே இருப்பதும்தான் காரணம். எல்லா எண்ணும் இந்த வரிசையில் இருக்காது என்பதால் எனக்கு 'பாதியும் பத்தில் ஒன்றும்' முறைதான் பிடிக்கும்.

ஆறாம் படி: பின்னங்களைக் கூட்டுவதும், எந்த அலகையும் எந்த அலகாகவும் மாற்றுவதும்

காலை நடையில் வீட்டிலிருந்து பூங்காவுக்கு முக்கால் மைல், பூங்காவைச் சுற்றி 5/8 மைல், திரும்பி வரும் குறுக்கு வழி அரை மைல் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் அரைக்காலாக மாற்றுங்கள், அதாவது பர்லாங்கில் சொல்லுங்கள்: 6, 5, 4. மொத்தம் 15 பர்லாங். எட்டால் வகுத்தால் ஒன்றே முக்காலே அரைக்கால் மைல். கிலோமீட்டர் வேண்டுமானால் 15 பர்லாங்கை 201-ஆல் பெருக்குங்கள், 3 கி.மீ.க்குக் கொஞ்சம் கூட. பின்னக் கூட்டல் என்று பயப்பட வேண்டிய இடமே வரவில்லை.

அடியிலிருந்து மைலுக்குப் போக அப்பா சொல்லிக்கொடுத்த உதாரணம் சென்னையைச் சேர்ந்தது. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் பரங்கிமலைப் பக்கம் ஓர் அடிக்கோடு, அதாவது முக்கோணக் கணக்குக்கு அடிப்படையான நேர்கோடு, அளந்தார், இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை அங்கிருந்துதான் தொடங்கியது. கோட்டின் நீளம் சுமார் 40,000 அடி. மைலில் எவ்வளவு? ஏழு மைலுக்கு 36,960 போக மீதி 3040. அதில் அரை மைலுக்கு 2640 போக மீதி 400. அதை 66-ஆல் வகுத்தால் ஆறு செயின். ஏழரை மைலும் ஆறு செயினும், அவ்வளவுதான். பெரிய அலகை முதலில் கழித்துவிட்டு மீதியைச் சின்ன அலகுக்குக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், பழைய ரூபாய் அணா பைசா கணக்கு மாதிரி.

இரண்டு அலகுகள் சேர்ந்து வரும்போது, உதாரணமாக மணிக்கு மைலை நொடிக்கு அடியாக்க வேண்டுமென்றால், எண்ணை மட்டும் எழுதாமல் அலகையும் கூடவே எழுதுங்கள். 45 மைல் / 1 மணி. இதை 5280 அடி / 1 மைல் என்பதால் பெருக்கினால் மேலே உள்ள மைலும் கீழே உள்ள மைலும் அடிபட்டுப் போகும். பிறகு 1 மணி / 3600 வினாடி என்பதால் பெருக்கினால் மணியும் அடிபடும். மிஞ்சுவது அடி / வினாடி, விடை 66. பெருக்குவதா வகுப்பதா என்ற சந்தேகம் வந்தால் அலகைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: வேண்டாத அலகு அடிபடவில்லை என்றால் பின்னத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

பரப்பளவுக்கு 1.6 போடுவது. ஒரு சதுர மைல் 1.6 சதுர கிலோமீட்டர் அல்ல, 1.609-ஐ இரண்டு முறை பெருக்க வேண்டும், 2.59 வரும். ஏக்கரில் 640.

ஓடுதளத்தில் நாலு சுற்று ஓடிவிட்டு ஒரு மைல் என்று நினைப்பதும் உண்டு. இன்றைய ஓடுதளம் ஒரு சுற்று 400 மீட்டர், நாலு சுற்று 1600, மைலுக்கு இன்னும் 9 மீட்டருக்கு மேல் பாக்கி. 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் ராஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடினாரே, அந்தத் தளம் ஒரு சுற்று 440 கஜம், சரியாகக் கால் மைல். உங்கள் ஓட்டத்தை நேரத்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால் அந்த 9 மீட்டர் முக்கியம்.

கடல் மைலைச் சாதாரண மைலாக எடுத்துக்கொள்வது இன்னும் பெரிய பிழை. கடல் மைல் 1852 மீட்டர். ஒரு நாட்டின் கடல் எல்லை 12 கடல் மைல் என்று செய்தியில் வந்தால் அது 22.2 கி.மீ., சாதாரண மைலாகக் கணக்கிட்டால் 19.3 என்று வரும். மூன்று கிலோமீட்டர் வித்தியாசம். பாக் நீரிணை மாதிரியான குறுகலான கடலில் அது எவ்வளவு பெரிய தூரம் என்பது படகில் போகிறவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் எக்ஸிட் எண்கள். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் எக்ஸிட் எண் என்பதே மைல் கணக்கு, கழித்தால் தூரம் கிடைக்கும். பார்க்வேயில் 98-இல் ஏறி 129-இல் இறங்கினால் 31 மைல், அதாவது 50 கி.மீ., அறுபது மைல் வேகத்தில் அரை மணி நேரம். ஆனால் அதே நியூ ஜெர்சியின் டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையில் எண்கள் வெறும் வரிசை எண்கள், அங்கே கழித்துப் பார்க்காதீர்கள். அரிசோனாவில் டூசானிலிருந்து மெக்சிகோ எல்லைக்குப் போகும் ஐ-19 சாலையில் எக்ஸிட் எண்களும் தூரப் பலகைகளும் கிலோமீட்டரில் இருக்கின்றன, வேக வரம்பு மட்டும் மைலில். அந்தச் சாலையில் 'எக்ஸிட் 1 கி.மீ.' என்று பார்த்தால் அரையே அரைக்கால் மைல், அறுபதில் போனால் உங்கள் கையில் இருப்பது 37 வினாடி.